உடுப்பு ஒன்று, ஆள் வேறு

கதாநாயகனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வில்லன் வரும் காட்சிதான் மேடையில் எடுபடச் செய்வதற்கு மிகச் சிரமமானது என்பார், வினாயகபுரத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர் ஒருவர். சண்டையைப் பழக்கிவிடலாம். அழுகையையும் பழக்கிவிடலாம். ஆள்மாறாட்டம் அப்படி லேசில் வசப்படாது. வந்து நிற்பவன் வேறு ஆள் என்று சபைக்குத் தெரிந்தாக வேண்டும். மேடையில் நிற்கும் மற்றவர்களுக்குத் தெரியவே கூடாது. இதில் ஒன்று பிசகினாலும் சனம் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிடும். பிறகு சபையைத் திருப்பி எடுக்க ஏலாது.

வினாயகபுரம் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர். திருக்கோவிலுக்குத் தெற்கே, ஏ-4 வீதியோடு ஒட்டிக் கிடக்கிறது. வடக்கே போனால் தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை. தெற்கே கோமாரி, பொத்துவில். தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்தக் கரை நெடுகவும் பேச்சு மட்டும் ஒன்றுதான். ஆசிரியர் பாடசாலையில் ‘நாடகமும் அரங்கியலும்’ படிப்பித்தவர்; தமிழ்த்தினப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர். பாடசாலை விட்ட பிறகு அவரிடம் பழக வருபவர்களில் அக்கரைப்பற்றிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளும் உண்டு.

பிள்ளைகள் இப்போதெல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: “சேர், இந்த முறை சூப்பர் ஹீரோ கதை போடுவம்.”

அவர் மறுப்பதில்லை. அவரே அந்தக் கதைகளில் வளர்ந்தவர். சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது 1972இல். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. பல கை மாறி, அட்டை போன பிறகுதான் அந்தப் புத்தகங்கள் இவர் கைக்கு வந்தன. பரிசோதனைக் கூட விபத்தில் கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயி கிராண்டேல், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கென் புல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைய, 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் வந்த தொடர் அது. மூலத்தில் அவன் தொடக்கத்தில் குற்றவாளி. பின்னர்தான் நிழற்படையின் உளவாளியாகி நல்ல பக்கம் வருகிறான். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த ஸ்பைடரும் (இவன் ஸ்பைடர்மேன் அல்ல) அதே வழியில் வந்தவன். குற்றவுலகத்துக்கு ராஜாவாகப் பார்த்தவன், போகப் போகக் குற்றவாளிகளை வேட்டையாடுகிறான். அவன் கதைகள் பலவற்றை எழுதிய ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்.

ஆகவே, கெட்டவன் நல்லவனாகத் திருந்துவது தமிழ் வாசகருக்குப் பழகிய கதை. அதைப் பார்த்து யாரும் கொதிப்பதில்லை. கெட்டவன் நல்லவனின் முகத்தை இரவல் வாங்கி, செய்த பாவத்தை அவன் தலையில் கட்டிவிட்டுப் போகும்போதுதான் பிள்ளைகளுக்கு இரத்தம் கொதிக்கும். நாடகக்காரனுக்கு அந்தக் கொதிப்புத்தான் முதல் என்கிறார் ஆசிரியர். அமெரிக்காவிலும் இதை வெகு நேரத்தோடே கண்டுகொண்டார்கள். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனுக்கென்று தனி இதழ் தொடங்கியது 1963 மார்ச்சில். அந்த முதல் இதழிலேயே ‘கமீலியன்’ என்னும் வேடக்காரன் ஸ்பைடர்மேனின் உடுப்பில் வந்து ஏவுகணைத் திட்டத்தைத் திருடுகிறான். பொலிஸ் துரத்துவதோ உண்மையான ஸ்பைடர்மேனை.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் இது வெளியூர்ச் சரக்கு என்று எண்ணிவிடுவார்கள். அப்போதுதான் ஆசிரியர் மாரீசனை இழுப்பார். பொன்மானாய் ஓடிய மாரீசன், அம்பு தைத்து விழும்போது இராமனின் குரலிலேயே இலக்குவனையும் சீதையையும் கூப்பிடுகிறான். உடுப்பில்லை, முகமில்லை, வெறும் குரல். அந்த ஒரு கூப்பாட்டில் சீதை ஏமாறுகிறாள், இலக்குவன் ஏமாறவில்லை. அந்த வித்தியாசத்தில்தான் இராமாயணத்தின் மீதிக் கதை முழுக்கத் தொங்குகிறது. யுத்த காண்டத்தில் இந்திரசித்து அனுமன் கண்முன்னே மாயாசீதையை வெட்டுகிறான். கம்பரில் மருத்தன் என்பவன் சனகனாகவே உருமாறிச் சீதையிடம் வந்து கெஞ்சுகிறான். மயில்ராவணன் கதையில், வாலால் கோட்டை கட்டிக் காவல் இருக்கும் அனுமனை மயில்ராவணன் வீடணன் உருவில் வந்து ஏமாற்றி உள்ளே போகிறான். இராம இலக்குவரைப் பாதாளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். நகரத்துக் கட்டடங்களில் தாவும் ஸ்பைடர்மேனைவிட இந்த மயில்ராவணன் பிள்ளைகளை உலுக்குகிறான். காவல்காரன் அனுமனே ஏமாந்தான் என்றால் யார்தான் தப்புவது?

ஒரு முறை பிள்ளைகள் சேர்ந்தே ஒரு நாடகம் கட்டினார்கள். ஊரைக் காக்கும் முகமூடி வீரன் ஒருவன். அவனைப் போலவே வேடமிட்டுக் கோயில் உண்டியலை உடைக்கும் திருடன் ஒருவன். இரண்டு பேருக்கும் ஒரே சிவப்புச் சட்டை, ஒரே முகமூடி. சபைக்கு அடையாளம் தெரியவேண்டுமென்று திருடனின் கையில் கறுப்புப் பட்டி ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். ஒத்திகை பார்க்க வந்திருந்த வயசாளி அண்ணாவியார் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “பட்டியக் கழட்டு மனே. சபைக்குத் தெரியிற பட்டி மேடையில நிக்கிற பூசாரிக்குத் தெரியாதா? அவனென்ன குருடனா? உடுப்ப மாத்தாத, தாளத்த மாத்து.”

கூத்தறிந்தவர் பேச்சு அது. வட்டக்களரியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதற்கென்று வரவாட்டமும் தாளக்கட்டும் உண்டு. அரசன் வருவது போல மந்திரி வர மாட்டான், பெண் வருவது போல வேடன் வர மாட்டான். ஆட்டக்காரர் வாய் திறக்குமுன் மத்தளமும் சல்லாரியும் ஆளைச் சொல்லிவிடும். பேராசிரியர் சு.வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்துகளை எடுத்து ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) என்று மேடையேற்றியபோது படித்த சனம் மலைத்துப்போனது இந்தத் தாள வலிமையைக் கண்டுதான் என்பது ஆசிரியரின் எண்ணம். இராவணனாக ஆடிய சி.மௌனகுரு பின்னர் இந்த மரபை ஆராய்ந்து எழுதியவற்றைத்தான் அவர் இன்றும் வகுப்புக்குக் கொண்டுபோகிறார்.

அண்ணாவியார் சொன்னபடி பட்டி கழன்றது. வீரனின் வரவை முதலில் சபையின் உடம்பில் ஏற்றினார்கள். வலது காலை முன்வைத்து வருவான். இரண்டு சுற்று ஆடுவான். தாளம் தீரும் அந்த அடியில் முகத்தைச் சபைக்குத் திருப்பி இரு கையும் கூப்புவான். நாடகத்தின் முதற்பாதியில் இதே வரவு மாறாமல் மீண்டும் மீண்டும் வந்தது. பிறகு திருடன் வந்தான். அதே வலது கால், அதே இரண்டு சுற்று. தாளம் தீரும் இடத்தில் கை கூப்பத்தான் செய்தான். ஆனால் முகம் சபைக்குத் திரும்புமுன் கண் ஒரு கணம் உண்டியல் பக்கம் போய் வந்தது. அந்தக் கணத்துக்காக மத்தளக்காரப் பொடியன் கடைசி அடியைக் கொஞ்சம் பிந்திப் போட்டான். அவ்வளவுதான். முன்வரிசையில் பாயில் இருந்த சின்னப் பிள்ளைகள் எழும்பி நின்று, “அது அவன் இல்ல! பூசாரியார், அது அவன் இல்ல!” என்று கத்தினார்கள். பூசாரியாக நடித்த பிள்ளை அந்தச் சத்தத்துக்குள் நின்று திருடனின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டியிருந்தது. அந்தக் கும்பிடுதான் நாடகத்தின் உச்சம்.

நடிப்பில் இதற்கு இலக்கணமாக ஆசிரியர் காட்டுவது 1957இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தை. அதில் வில்லன் அல்ல, நல்லவன் உருமாறுகிறான். அபிமன்யுவுக்காகக் கடோத்கஜன் வத்சலையின் உருவெடுத்துக் கல்யாண வீட்டுக்குள் புகுந்துகொள்கிறான். கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ், வத்சலையாகச் சாவித்திரி. உருமாறிய பிறகு திரையில் நிற்பது சாவித்திரிதான். ஆனால் உள்ளே இருப்பது ரங்காராவ். நெஞ்சை நிமிர்த்தும் விதம், நடையின் பாரம், ஆள் பார்க்காத நேரத்தில் முறுக்கேறும் முகம், யாரும் திரும்பினால் உடனே மணப்பெண்ணின் நாணம்! புதிதாய்ப் பழக வருகிற பிள்ளைகளை அந்தக் காட்சிகளைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்வார். வசனம் இல்லாமலே ஆள் யார் என்று தெரியும்.

சூப்பர் ஹீரோ வகையிலேயே கிட்டிய உதாரணம் வேண்டுமென்றால் மலையாளத்து ‘மின்னல் முரளி’. பேசில் ஜோசப் இயக்கி, 2021 டிசம்பர் 24ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒரே மின்னல் இரண்டு பேரைத் தாக்குகிறது: தையற்காரன் ஜெய்சன், தேநீர்க்கடையில் வேலை செய்யும் சிபு. சிபுவாக நடித்தவர் நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். காதலித்தவளின் மகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யப் பணமில்லை. சிபு வங்கியைக் கொள்ளையடிக்கிறான். பழி, மின்னல் முரளி என்ற பெயரில் முகமூடி போடும் ஜெய்சனின் மேல் விழுகிறது. ஊர் எவனை வீரனென்று கொண்டாடத் தொடங்கியதோ அவனையே கள்ளன் என்கிறது. இந்தப் படத்தை ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சும்மா பொழுதுபோக்காகக் காட்டுவதில்லை. முகமூடியைக் களவெடுக்க ஒருவனுக்கு என்ன தேவை வந்தது என்று கேட்டு எழுதச் சொல்வார். “அவனுக்குப் பேராசை” என்று எழுதுகிற பிள்ளையிடம் கொப்பி திரும்பிப் போகும்.

வில்லனுக்கும் ஒரு நியாயம் இருந்தாக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் வரும் பௌண்டரகனை இதற்காகவே அவருக்கு மிகப் பிடிக்கும். நானே மெய்யான வாசுதேவன், உன் சங்கையும் சக்கரத்தையும் கழற்றி வைத்துவிட்டுச் சரணடை என்று கண்ணனுக்கே தூதனுப்புகிறான் அந்த அரசன். போர்க்களத்துக்கு அவன் வருவதும் அதே சங்கு, அதே சக்கரம், அதே கருடக்கொடி, அதே மஞ்சள் பட்டோடு. மேடையேறிய கூத்தாடியைப் போல் நின்ற அவனைக் கண்டு கண்ணன் வாய்விட்டுச் சிரித்தான் என்கிறது பாகவதம். கண்ணன் சிரிக்கட்டும், நடிக்கிற பிள்ளை சிரிக்கக் கூடாது என்பார் ஆசிரியர். பௌண்டரகனுக்குத் தான் பொய் என்று தெரியாது. தெரியாமலே அவ்வளவு பெரிய பொய்யைச் சுமப்பவனை ஆடிக் காட்ட மிகுந்த மரியாதை வேண்டும்.

இன்னொன்றையும் அவர் கவனித்திருக்கிறார். பௌண்டரகனை விட்டுப் பார்த்தால், பழைய கதைகளில் நாயகனாக உருமாற மாயை தெரிந்திருக்க வேண்டும்; அது பெரும்பாலும் அரக்கருக்கும் தேவருக்குமே கைவந்தது. ஸ்பைடர்மேனாக மாற ஒரு துண்டுத் துணி போதும். தன் முகத்தை மறைத்துக்கொண்ட அந்தக் கணமே நாயகன் தன் பெயரை யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி தெருவில் விட்டுவிடுகிறான். முகமூடிக் கதைகளின் அடியில் இந்தப் பயம் எப்போதும் கிடக்கிறது. இந்தக் கரையில் அது வெறும் கதைப் பயம் அல்ல. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில், சாக்கால் முகம் மூடித் தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன் வரிசையில் நின்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2011 ஆகஸ்ட்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவில் வருகிறார் என்ற ‘கிறீஸ் பூதம்’ பீதி கிழக்கு முழுக்கப் பரவியபோது, பொத்துவில் முதல் பல ஊர்களில் சனம் இரவிரவாக விழித்துக் கிடந்தது. முகம் தெரியாதவன் யாராகவும் இருக்கலாம் என்ற எண்ணம் ஊரை என்ன செய்யும் என்பது இந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரியும். அதனால்தான் முகமூடி நாடகம் பழக்கும்போது, முடிவில் முகமூடி கழன்று முகம் சபைக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று அவர் கண்டிப்பாக நிற்கிறார். அது கலைக்காக மட்டும் வைத்த விதி அல்ல.

போன ஆண்டுகளில் அவரிடம் பழகிய அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒருத்தி நாடகத்தோடு நிற்கவில்லை. கொப்பி கொப்பியாய் நாவலே எழுதத் தொடங்கினாள். கரைவலை இழுக்கும் கரையில் ஒரு வீரன். கடல் கொந்தளித்தால் தோணிகளைக் கரைசேர்ப்பான். முகத்தில் வலைத்துண்டு சுற்றியிருப்பான். அவனைப் போலவே முகத்தில் வலை சுற்றிக்கொண்டு இன்னொருவன் இரவில் மீன்வாடிகளுக்குள் புகுந்து வள்ளங்களின் என்ஜின்களைக் கழற்றிக்கொண்டு போகிறான். என்ஜின் போனால் அந்தக் குடும்பத்துக்கு அடுப்பெரியாது. நியூயோர்க்கில் வங்கி கொள்ளை போவதைவிட இது கனமான இழப்பு. ஊரறிந்த பிள்ளையால்தான் இதை யோசிக்க முடிந்தது.

அவள் கொண்டுவந்த கேள்வி நுட்பமானது. “சேர், கள்ளன் வேற ஆளெண்டு வாசிக்கிறாக்களுக்கு எப்ப சொல்றது? முதல்லயா, கடசியிலயா?”

இதில் இரண்டு வழி உண்டு. சூப்பர்மேன் இறந்துபோன பிறகு 1993இல் வந்த கதையில், நான்தான் சூப்பர்மேன் என்று நான்கு பேர் வருகிறார்கள். அவர்களில் பாதி இயந்திரமாய் இருந்தவன் உண்மையில் வில்லன் ஹாங்க் ஹென்ஷோ என்பதை வெகுநேரம் மறைத்துவைத்து, கோஸ்ட் சிட்டி என்ற நகரம் அழிகிற இடத்தில்தான் உடைக்கிறார்கள். வாசகரை அதிரவைக்கும் வழி அது. மற்றதை ஸ்பைடர்மேன் எழுத்தாளர் டான் ஸ்லொட் செய்தார். 2012இல் வில்லன் டொக்டர் ஒக்டோபஸ், ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் உடம்பையே பறித்துக்கொள்கிறான். 2013இல் தொடங்கிய ‘சுப்பீரியர் ஸ்பைடர்மேன்’ முழுக்க, உடுப்புக்குள் இருப்பவன் வில்லன் என்று வாசகருக்குத் தெரியும், கூட இருப்பவர்களுக்குத் தெரியாது. அவனோ பீட்டரைவிடச் சிறந்த ஸ்பைடர்மேனாக இருந்து காட்டுவேன் என்று நிற்கிறான். கடைசியில் தான் நேசித்தவளைக் காப்பாற்றத் தன்னால் ஆகாது என்று கண்டு, உடம்பைப் பீட்டருக்கே விட்டுக்கொடுத்து அழிந்துபோகிறான். ஆசிரியரின் ஓட்டு ஸ்லொட்டுக்குத்தான். அதிர்ச்சி ஒரு பக்கத்தோடு தீர்ந்துவிடும். தெரிந்துகொண்டே பதறுவது புத்தகம் முடியும்வரை நீளும். கூத்தும் அப்படித்தானே! மாரீசன் மானாகப் போவது களரியில் இருக்கும் எல்லாருக்கும் முன்னமே தெரியும். தெரிந்தும் விடியவிடிய இருந்து பார்க்கிறார்கள்.

அவள் முதலிலேயே சொல்ல முடிவெடுத்தாள். அடுத்த சிக்கல், ஊரார் மெய்யானவனைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது. அவள் எழுதியிருந்தது ஒரு பெரிய சண்டை, வென்றவன்தான் மெய். ஆசிரியர் அதை ஏற்கவில்லை. பலத்தில் வென்றவன் மெய்யென்றால் கள்ளன் வென்றிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, தமயந்தியின் சுயம்வரத்தைச் சொன்னார். இந்திரன், அக்கினி, யமன், வருணன் நான்கு பேரும் நளனின் உருவில் வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஐந்து நளன்களில் தன் நளனை அவள் தெரிந்தெடுத்தது அழகைப் பார்த்தோ வீரத்தைப் பார்த்தோ அல்ல. தேவர் கண் இமைக்காது, நளனின் கண் இமைத்தது. தேவர் கால் மண்ணில் படாது, அவன் பாதம் மண்ணில் பட்டது. அவன் கழுத்து மாலை வாடியிருந்தது. மனிதனின் குறைகள்தான் அவனைக் காட்டிக்கொடுத்தன.

பிள்ளை அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். புதிதாய் எழுதியதில் சண்டையே இல்லை. இரண்டு பேரும் கரையில் நிற்கிறார்கள். ஒரே வலைத்துண்டு, ஒரே உயரம். வயதான சம்மாட்டி ஒருவர் இரண்டு பேரின் உள்ளங்கையையும் விரித்துப் பார்க்கிறார். தோணிக் கயிறு இழுத்துக் காய்த்த கை ஒன்று. மற்றதில் என்ஜினின் நட்டுக் கழற்றிய கிறீஸ் ரேகையோடு ஒட்டியிருந்தாலும் தோல் மெத்தென்று இருக்கிறது. சம்மாட்டி ஒன்றும் பேசாமல் காய்த்த கையைப் பிடித்து உயர்த்துகிறார். நாடகம் பழக்கிய இத்தனை காலத்தில் ஒரு பிள்ளையின் கொப்பியில் தான் வாசித்த மிகச் சிறந்த பக்கம் அதுதான் என்கிறார் ஆசிரியர். வாசிக்கும்போது அவருக்குக் கண் கலங்கியது.

தமிழில் சிறுவர்க்கு இப்படியான நீண்ட கதைகள் இன்னும் நிறைய வேண்டும், அதுவும் இந்தக் கரையின் பேச்சில், இந்தக் கரையின் தொழில்களோடு வேண்டும் என்பது அவரது ஆசை. எழுத நினைப்பவர்களிடம் அவர் கேட்பவை சில. வில்லனை அவசரப்பட்டு உள்ளே விடாதீர்கள். முதல் அத்தியாயங்களை நாயகனுக்கே கொடுங்கள். அவன் எப்படி வருவான், யாரை முதலில் பார்ப்பான், எந்த இடத்தில் தயங்குவான் என்பதெல்லாம் வாசிக்கும் பிள்ளைக்கு மனப்பாடமாகட்டும். அதன் பிறகு வில்லனுக்கு அதே உடுப்பைக் கொடுங்கள். எழுதி முடித்ததும் அச்சகத்துக்கு ஓடாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சத்தமாக வாசியுங்கள். “அது அவன் இல்ல” என்று அவர்கள் கத்தினால் கதை சரி. கத்தாவிட்டால் நாயகனின் அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து எழுதுங்கள்.